கை ஏந்த மாட்டேன் என்றவர்

போன மாதம் ஒரு நாள் காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ரேவதி போன் செய்தாள்.

"மேடம், கிளி பறக்க மாட்டேங்குது."

ரேவதி பிசியோதெரபி டிபார்ட்மெண்டில் என் ஜூனியர். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலியில் உட்கார்ந்தவள். நாற்காலியோடு என் தொல்லைகளும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தன என்று நிம்மதியாக இருந்தேன். போன் நம்பரை மாற்றாமல் விட்டது தப்பாகப் போயிற்று.

விசாரித்தால் விஷயம் இது. புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்த நோயாளி அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு கையைத் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்பத் திரையில் ஒரு பச்சைக்கிளி மேலே போகும். உள்ளங்கை முழுதாக வானத்தைப் பார்த்தால் கிளி மரத்தில் உட்கார்ந்து பழம் தின்னும். பாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் அது தரையை விட்டே கிளம்பவில்லையாம்.

"கை டைட்டா இருக்கா, இல்ல ஆளு டைட்டா இருக்காரா?" என்று கேட்டேன்.

"அத எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?"

அதைப் போனில் சொல்ல முடியாது. கீரையும் வாடிக்கொண்டிருந்தது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். இது அந்த எழுத்துதான். ரேவதிக்காக ஆரம்பித்தது, நீண்டுவிட்டது.

என் படிப்புக் கதை சின்னது. வில்லியனூரில் பிறந்தேன். நர்சுக்குப் படி என்றார் அப்பா. எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். ஊசி போடாத வைத்தியம் எது என்று விசாரித்துப் பிசியோதெரபியில் சேர்ந்தேன். அங்கே எலும்புக்கும் தசைக்கும் இங்கிலீஷ் பேர் சொல்லிக்கொடுத்து, கையில் மூட்டு திரும்புவதை அளக்க ஒரு கோணமானியையும் கொடுத்து அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என் எதிரில் வந்து உட்கார்ந்த கிருமாம்பாக்கத்து அம்மாள், "இன்னா பண்ணணும்னு தமிழ்ல சொல்லுமா" என்றாள். உண்மையான படிப்பு அன்றுதான் தொடங்கியது.

அந்த அம்மாளுக்கும் மணிக்கட்டுதான். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, கை கட்டையாக இருந்தது. இப்படி மடக்கு, இப்படி நீட்டு, காலையிலும் மாலையிலும் செய் என்று தமிழில் விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது கை முன்பு இருந்த மாதிரியே இருந்தது. "வீட்டுல செஞ்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு நாளு கூட வுடல" என்றாள் அம்மாள். கூட வந்திருந்த மருமகளைக் காட்டி, "அவதான் செஞ்சா" என்றாள்.

"அவங்க ஏம்மா செய்யணும்?"

"வூட்ல எல்லா வேலயும் அவதான செய்யறா?"

மருமகளின் மணிக்கட்டைப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். நோயாளியிடம் என்ன சொல்கிறோம் என்பதை விட, அவர் காதில் என்னவாகப் போய் விழுகிறது என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி டாக்டர் சபாபதி. எங்கள் எலும்புப் பிரிவின் தலைவர். கோணலாக ஒட்டிப்போன மணிக்கட்டை மறுபடி வெட்டி நேராக்குவதில் கெட்டிக்காரர். அவரிடம் வேலை பார்க்க வந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவருடைய மரியாதையைப் பற்றி. ஊரில் எல்லாருக்கும் கோபம் வந்தால் மரியாதை இறங்கும், இவருக்கு ஏறும். என்னிடம், "ஸ்டெல்லா, நீ அந்த எக்ஸ்ரேய எடு" என்றால் எல்லாம் நலம். "ஸ்டெல்லா, நீங்க கொஞ்சம் வாங்க" என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. "தாங்கள்" என்று ஆரம்பித்தால் வார்டில் இருக்கும் டிராலி கூட ஓரமாகப் போய்விடும். ஒரு முறை பயிற்சி டாக்டர் ஒருவரிடம், "தாங்கள் இந்தக் கட்டை எந்தக் கல்லூரியில் கற்றுக்கொண்டீர்கள் என்று அடியேன் தெரிந்துகொள்ளலாமா?" என்று கேட்டார். அந்தப் பையன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருடைய இன்னொரு வழக்கம் கரும்பு. மணிக்கட்டை வெட்டி நேராக்கும் அறுவை இருந்தால், முதல் நாள் மதியம் மேசைமேல் ஒரு துண்டுக் கரும்பும் சின்ன ரம்பமும் வந்துவிடும். கோணல் கையின் எக்ஸ்ரேமேல் மெல்லிய தாளை வைத்து எலும்பை வரைவார். நல்ல கையையும் படம் எடுத்து அதையும் வரைவார். இரண்டாவது தாளைத் திருப்பி முதல் தாளின்மேல் வைத்தால் இரண்டுக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இடைவெளி தெரியும். எலும்பைத் திறந்து அந்த அளவுக்கு ஓர் ஆப்பு வைக்க வேண்டும். முதலில் அதைக் கரும்பில் செய்து பார்ப்பார். முழுவதும் அறுக்காமல் கடைசித் தோலை விட்டுவைத்து, மெதுவாகத் திறந்து, உள்ளே இன்னொரு கரும்புச் சில்லைச் செருகி, தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திருப்தி வந்தால் கரும்பைத் தின்றுவிடுவார். "நாளைக்கு யாருக்கு ஆப்பு?" என்பதுதான் எங்கள் டிபார்ட்மெண்டின் மதிய நேரக் கேள்வி.

அப்படி ஆப்பு வைக்க வேண்டி வந்தவர்தான் தணிகாசலம். ஏம்பலத்துப் பக்கம் நெல்லும் கரும்பும் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வலது கையை மட்டும் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். மனைவி அஞ்சலை ஒரு கூடையோடு இரண்டடி பின்னால் வந்தார்.

துண்டை விலக்கினால், மணிக்கட்டு புறங்கைப் பக்கம் மேடாக வீங்கி, கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறிந்து, பின்னால் சாய்ந்தபடியே குட்டையாக ஒட்டியிருந்தது. முன்னங்கையில் இரண்டு எலும்பு உண்டு. ஒன்று மற்றதைச் சுற்றி உருண்டால்தான் உள்ளங்கை மேலேயும் கீழேயும் திரும்பும். ஒன்று கோணிக்கொண்டால், சட்டத்தில் இடிக்கும் கதவு மாதிரி பாதியில் நின்றுவிடும். இவருக்கு உள்ளங்கை கீழே பார்க்கும், மேலே பார்க்காது.

"எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"வுழல. வரப்புல காலு நழுவிச்சி."

"அதுக்குப் பேர்தான் விழறது."

மீதியை அஞ்சலைதான் சொன்னார். வாய்க்கால் தண்ணீருக்காகத் தம்பி ஏழுமலையோடு வரப்பில் நின்று சண்டை. கத்திக்கொண்டே ஓரடி பின்னால் வைத்தவர் வாய்க்காலில் உட்கார்ந்துவிட்டார். தம்பி தூக்கிவிடக் கையை நீட்டினார். இவர் அதைப் பிடிக்காமல், முறிந்த கையையே ஊன்றி எழுந்து, நேராக வீட்டுக்கு நடந்து, வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். கை வீங்கிய பிறகு ஒருவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அறுப்பு வந்ததும் இவரே அந்தக் கட்டைப் பிரித்து வீசிவிட்டுக் களத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் பேச்சில்லாமல் இருந்தார்கள்.

இத்தனை நாள் விட்டுவிட்டு இப்போது ஏன் வந்தார்? மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம் நடந்ததாம். தட்டு மாற்றும்போது இவர் கை தட்டைத் தாங்காமல் சாய, ஆப்பிளும் ஆரஞ்சும் பந்தலில் உருண்டு ஓடின. உருண்டதில் ஒன்றை ஏழுமலை குனிந்து பிடித்தார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவர்கள் வீட்டு முறைப்படி தாரை வார்க்கும்போது அப்பா வலது கையை விரித்து வைக்க வேண்டும். அதன்மேல் மகளின் கை, அதன்மேல் வெற்றிலை பாக்கோடு தேங்காய். அம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க, அப்படியே மாப்பிள்ளையின் கையில் சேர்க்க வேண்டும். தட்டே நிற்காத கையில் தேங்காய் எங்கே நிற்கும்? உருண்டால் சகுனம் ஆகாது. அதனால் சித்தப்பா தாரை வார்க்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

"என் பொண்ண அவன் தாரை வாக்கறதா?" என்றார் தணிகாசலம். அதுவரை டாக்டரை நேராகப் பார்க்காதவர் அப்போதுதான் பார்த்தார். "தை மாசம் கல்யாணம். இந்தக் கைய நேராக்கிக் குடுங்க சார்." குரல் லேசாக உடைந்தது. உடனே இருமி மறைத்துக்கொண்டார்.

டாக்டர் கரும்பை எடுத்தார். எலும்பை எங்கே வெட்டுவேன், எப்படித் திறப்பேன், எங்கே ஆப்பு வைப்பேன் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். தணிகாசலம் உன்னிப்பாகப் பார்த்தார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். இது எந்தக் கொல்லக் கரும்பு? தண்ணி பத்தல. சப்புனு இருக்கும்."

டாக்டர் மென்று பார்த்தார். சப்பென்றுதான் இருந்தது. ஆப்புக்கு வேண்டிய எலும்பை இடுப்பிலிருந்து எடுப்பேன் என்று அடுத்ததாகச் சொன்னார்.

"யாரு இடுப்பு?"

"உங்க இடுப்புதான்."

"அப்ப சரி. அடுத்தவன் எலும்பெல்லாம் நமக்கு வாணாம்." மறுநாள் ஒரு கட்டுக் கரும்பு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரத்துக்கு எங்கள் டிபார்ட்மெண்டில் எல்லாரும் சக்கை துப்பிக்கொண்டிருந்தோம்.

அறுவை அன்று டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். ஊசிக்குத்தான் எனக்கு மயக்கம், ரம்பத்துக்கு இல்லை. பழைய முறிவிலேயே எலும்பை வெட்டித் திறந்து, இடுப்பெலும்புத் துண்டைச் செருகி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து முடித்தார். பிறகு மயக்கத்தில் இருந்தவரின் கையை மெதுவாகத் திருப்பினார். உள்ளங்கை மேலே வந்தது. முழுதாக இல்லை, ஆனால் கிட்டத்தட்ட வந்தது.

"ஸ்டெல்லா, பார்த்துக்கோ. இவ்வளவு வருது. இதுக்கு மேல நீதான்."

தையல் பிரித்ததும் தணிகாசலம் என்னிடம் வந்தார். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்ட வைத்து, நடுவே ஒரு மடித்த துண்டைச் செருகினேன். இந்தத் துண்டு முக்கியம். கை திரும்பாதவர்கள் என்ன செய்வார்கள் என்றால், உடம்பை வலப்பக்கம் சாய்த்து, முழங்கையை வயிற்றுப் பக்கம் இழுத்து, தோளை இறக்கி, எப்படியோ உள்ளங்கையை மேலே காட்டிவிடுவார்கள். மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் டிபார்ட்மெண்டில் இதற்கு 'ஏமாத்துறது' என்று பேர். துண்டு விழுந்தால் ஏமாற்று. "ஏமாத்தாதீங்க!" என்று நான் போடும் சத்தம் வெளியே மருந்து வாங்கும் ஜன்னல் வரை கேட்கும் என்பார்கள். கொஞ்சம் மிகை, ஆனால் பொய் இல்லை.

துண்டு வைத்தாயிற்று. கையில் ஒரு பென்சிலைப் பிடிக்கச் சொன்னேன். "இப்ப கவிழ்த்துங்க" என்றேன். அழகாகக் கவிழ்த்தார். "இப்ப கைய ஏந்துங்க" என்றேன்.

பென்சில் நகரவில்லை.

"ஏந்துங்க."

அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நானே கையைப் பிடித்துத் திருப்பினேன். எதிர்ப்பக்கம் ஒரு முரட்டு பலம். இரும்புக் கேட்டைத் தள்ளுவது போல இருந்தது. எனக்கும் வியர்த்தது, அவருக்கும் வியர்த்தது. இரண்டு வாரம் இதே கூத்து. கவிழ்க்கச் சொன்னால் மன்னன். ஏந்தச் சொன்னால் மரம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அறுவை மேசையில் கைக்கு வந்த திருப்பம் இப்போது எங்கே போயிற்று என்று அவருக்கும் கவலை. ஸ்க்ரூ ஏதாவது இடிக்கிறதா என்று மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். எல்லாம் நன்றாகவே இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், வராவிட்டால் திறந்து பார்க்க வேண்டியதுதான் என்றார். தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி கத்தி வைத்தால் கல்யாணத்துக்குக் கட்டோடுதான் நிற்பார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

டாக்டரே நேரில் வந்து அவரை உட்காரவைத்துப் பேசினார். "தாங்கள் சற்று ஒத்துழைத்தால் எங்களுக்கு மிகவும் உதவியாக இருக்கும்" என்றார். நான் சுவரோரம் நகர்ந்துவிட்டேன். தணிகாசலம் நெஞ்சு நிமிர உட்கார்ந்தார். டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "இந்த ஆஸ்பத்திரியிலயே மரியாத தெரிஞ்ச மனுசன் அவருதாம்மா."

அன்று தணிகாசலம் இன்னொரு எக்ஸ்ரேவுக்காக உள்ளே போயிருந்தபோது அஞ்சலை என்னை வராண்டா ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மா, அவருக்குக் கை டைட்டு இல்ல. வேணும்னே வெரப்பா புடிக்கிறாரு."

"ஏன்?"

"நீங்க கை ஏந்து, கை ஏந்துன்றீங்களே. அந்த வார்த்த ஆவல அவருக்கு. எங்க மாமனாரு சாவறப்ப சொன்னாராம், எவன்கிட்டயும் கை ஏந்தாதடான்னு. வூட்ல செய்யச் சொன்னா, 'ஒரு பொம்பள எதுக்க கை ஏந்தச் சொல்றியா'ன்னு என்னயத் திட்டறாரு."

எலும்பில் குறையில்லை, ஸ்க்ரூவில் குறையில்லை. இரண்டு வாரமாக நான் அந்த மனிதரைத் தினமும் பிச்சை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ரோஷத்தோடு மறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மகள் கல்யாணத்தை விட ஒரு வார்த்தை பெரிதா என்று அந்த ஆளை நாலு கேட்கலாம் போல இருந்தது. கேட்டால் அடுத்த நாள் வர மாட்டார். வார்த்தையை மாற்றினேன்.

"கைய மல்லாத்துங்க."

"நான் இன்னா, செத்த தவளயா?"

"சரி, உள்ளங்கைய மேல காட்டுங்க." கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கூரையைக் காட்டினார். துண்டு விழுந்தது.

"திருப்புங்க." நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டேன். தோற்றுப்போனேன் என்றே வைத்துக்கொள்ளலாம். கோணமானியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை பொழுது போக்கக் கூடையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். போகிற வழியில் மில்லில் காட்டக் கொண்டுவந்த நெல் அது. "இத்தப் பாருங்க, காஞ்சிருக்கா?" என்று ஒரு பிடி அள்ளினார்.

தணிகாசலம் யோசிக்கவே இல்லை. வலது கை தானாக நீண்டு, தானாகத் திரும்பியது. அஞ்சலை நெல்லைக் கொட்டினார். அவர் லேசாகக் குலுக்கி, பதரை ஊதித் தள்ளி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். "இன்னும் ஒரு வெயிலு வேணும்" என்றார்.

"அசையாதீங்க!" என்று கத்தினேன். கோணமானியோடு ஓடிப்போய் அளந்தேன். அறுவை மேசையில் பார்த்த அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. நெல்லும் சிந்தவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அஞ்சலையைக் கட்டிப்பிடித்துவிட்டேன். ஏன் கட்டிப்பிடிக்கிறேன் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதல் "ஏந்து" கிடையாது. "நெல்லு பாருங்க" என்றேன். ஒரு கிண்ணம் நெல் என் மேசையிலேயே இருந்தது. கவிழ்த்து ஒரு பிடி அள்ள வேண்டும், திருப்பிக் கையை விரித்துப் பார்க்க வேண்டும், ஊத வேண்டும், மறுபடி கொட்ட வேண்டும். விலாவில் துண்டு. வீட்டிலும் அதேதான். அவருக்கு அது வைத்தியமாகவே தெரியவில்லை. என் மேசை நெல்லின் தரம் பற்றி எனக்கு நிறையப் புத்தி சொன்னார். டிபார்ட்மெண்டில் மற்றவர்களுக்கும் அதே வார்த்தை பரவியது. எங்கள் சர்ச் பக்கத்துக்காரர்கள் வந்தால், "பூசையில நன்மை அப்பம் வாங்கற மாதிரி வைங்க" என்போம். ரேவதிக்கு என் பதில் இங்கேயே முடிந்துவிட்டது. ஆனால் தணிகாசலத்தின் கதை முடியவில்லை.

முழுதாக வரவில்லை. நாள்பட்ட கோணல், சுற்றியிருந்த சவ்வெல்லாம் சுருங்கிப் போயிருந்தது. கடைசியில் கொஞ்சம் பாக்கி நின்றது. நெல்லை வைத்துக்கொள்ளப் போதும், தேங்காய் வைக்கப் போதுமா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. இடது கையைத் துணைக்குக் கொடுக்கலாமே என்றேன். அவர் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கல்யாணம் வில்லியனூரில் ஒரு மண்டபத்தில். மூன்றாம் வரிசையில் டாக்டரும் நானும் உட்கார்ந்திருந்தோம். மேடையில் தணிகாசலம் பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால், பெரியவர்கள் சொன்னபடி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஏழுமலை ஸ்டெப்னி மாதிரி நின்றிருந்தார். அண்ணன் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தேங்காய் தவறினால் அடுத்த நொடி தம்பி உட்கார வேண்டும். அதை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

ஐயர் சைகை காட்டினார். தணிகாசலம் வலது கையை நீட்டித் திருப்பினார். கோமதி தன் கையை அதன்மேல் வைத்தாள். வெற்றிலை பாக்கு வைத்தார்கள். பிறகு தேங்காய். மஞ்சள் பூசிய பெரிய தேங்காய், அதைத் தேர்ந்தெடுத்தவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அஞ்சலை செம்பைச் சாய்த்தார். தண்ணீர் பட்டதும் வெற்றிலை வழுக்கியது. தேங்காய் கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கம், ஓரமாக, மெதுவாக உருள ஆரம்பித்தது. கோமதியின் விரல்கள் இறுகின. ஏழுமலை ஓரடி முன்னால் வைத்தார்.

தணிகாசலம் முழங்கையை விலாவோடு ஒட்டி, முதுகை நேராக வைத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே, துண்டு விழாத மாதிரி உட்கார்ந்திருந்தார். இல்லாத துண்டு! தோளைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், தேங்காய் நின்றுவிடும். அந்த மனிதர் சாய்க்கவில்லை. மாதக்கணக்காக நான் போட்ட சத்தம் அவரை அப்படி நட்டுவைத்திருந்தது.

நான் எழுந்து நின்றேன் என்று பிறகு டாக்டர் சொன்னார். எனக்கு நினைவில்லை. என் குரல்தான் எனக்குக் கேட்டது.

"ஏமாத்துங்க! பரவால்ல, இன்னிக்கு ஏமாத்துங்க!"

நாதஸ்வரம் நின்றது. ஐயரின் மந்திரம் நின்றது. மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பெண்ணை ஒப்படைக்கிற நேரத்தில், மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பொம்பளை ஏமாற்றச் சொல்லிக் கத்தினால் எப்படி இருக்கும்? மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "யாரு யாரம்மா ஏமாத்தறது? இன்னா நடக்குது இங்க?"

டாக்டர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "தாங்கள் தயவுசெய்து அமரலாமே" என்றார். இத்தனை வருட வேலையில் எனக்குக் கிடைத்த முதல் தாங்கள்.

நான் உட்காரவில்லை. "சாய்ங்க! வலப்பக்கம் சாய்ங்க!" என்றேன்.

தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது. முழங்கையை வயிற்றுப் பக்கம் இழுத்தார். தோளை இறக்கினார். இடுப்பை வளைத்து, உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்ந்தார். என் டிபார்ட்மெண்டில் செய்திருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன், அப்பேர்ப்பட்ட ஏமாற்று. உள்ளங்கை சமமாக வந்தது. தேங்காய் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து நின்றது. "அது கை வைத்தியம்பா, நீங்க குந்துங்க" என்று சாய்ந்தபடியே தாய்மாமனிடம் சொன்னார். அஞ்சலை மீதித் தண்ணீரையும் வார்த்தார். அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தணிகாசலம் மகளின் கையைத் தேங்காயோடு மாப்பிள்ளையின் கைமேல் கொண்டுபோய், அலுங்காமல் சேர்த்தார்.

நாதஸ்வரம் திரும்ப எடுத்தார்கள். நான் உட்கார்ந்து அழுதேன். டாக்டரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

மேடையில் ஏழுமலை என்ன செய்வதென்று தெரியாமல், கழுவிய கையை முன்னால் வைத்தபடி அப்படியே நின்றிருந்தார். வேலை இல்லாமல் போன மனிதரின் நிற்பு. தணிகாசலம் முதல் முறையாகத் தலையைத் திருப்பினார். சாய்ந்த உடம்பு இன்னும் நிமிரவில்லை.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? சம்மந்தி வூட்டுக்காரங்களப் பந்திக்குக் கூட்டிக்கினு போடா. பொண்ணுக்குச் சித்தப்பன் நீதான?"

ஏழுமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.